மரத்தில் பழுத்த எதிர்ப்பு சக்தி

“பொண்ணோட இடது கையைக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க” என்றார் மாப்பிள்ளையின் அம்மா மகாலட்சுமி.

வளையலுக்கு அளவு பார்க்கிறார்கள் என்று யாழினி மணிக்கட்டை நீட்டினாள். “அங்க இல்லம்மா, மேல” என்று அந்த அம்மாள் ரவிக்கைக் கையை மடித்து ஏற்றினார். புஜத்தில் மிளகு அளவுக்கு ஒரு பழைய தழும்பு இருந்தது.

“பார்த்தீங்களா, போட்டிருக்கு!” கத்திரிக்காயில் புழுவைக் கண்டுபிடித்த குரல்.

மாப்பிள்ளையின் அப்பா முருகானந்தம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். கொரோனா ஊசி போட்ட பெண் மருமகளாக வரக்கூடாது என்பது அவர் கொள்கை. சொந்தப் புத்தியை வாடகைக்கு விட்டிருந்த பாதி மார்க்கெட், அவர் பேச்சைக் கேட்டுத்தான் ஊசி பக்கமே போகாமல் இருந்தது.

“இது கொரோனா ஊசி இல்ல அத்தை” என்றாள் யாழினி. “பொறந்தப்ப டி.பி.க்குப் போட்டது. கொரோனா ஊசி தழும்பு விடாது. உங்க கையிலயும் அம்மைக்குப் போட்ட தழும்பு இருக்குமே, இதைவிடப் பெருசா?”

மகாலட்சுமியின் கை தன்னையறியாமல் முந்தானையை இழுத்துத் தன் புஜத்தை மூடிக்கொண்டது.

“அப்ப கொரோனா ஊசி போடலியா?” என்றார் முருகானந்தம்.

“போட்டேன் மாமா. ரெண்டு.”

ஸ்ரீரங்கம் மாம்பழச்சாலையில் பெண் வீட்டுக் கூடத்தில் நடந்தது இந்தப் பெண் பார்க்கும் படலம். யாழினியும் மாப்பிள்ளை சித்தார்த்தனும் கல்லூரியிலேயே விரும்பியவர்கள். பெரியவர்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளை என்று பெயர் வாங்கிய சித்தார்த்தன், காபியில் படிந்த ஆடையை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“நர்ஸ் வீட்டுல ஊசி போடாம இருப்பாங்களா?” பெண்ணின் அம்மா செல்லக்கிளியை ஏற இறங்கப் பார்த்தார் முருகானந்தம். “எங்க வீட்டுல மூணு பேருக்கும் நோய் வந்துச்சு. உடம்பே சண்டை போட்டு விரட்டிருச்சு. எங்க எதிர்ப்பு சக்தி மரத்துல பழுத்த பழம். உங்களது கல்லு வச்சுப் பழுக்க வச்சது. போட்ட அன்னிக்கு ராத்திரி பல்லு தந்தியடிக்கும். மறுநாள் கையைத் தூக்க முடியாது, சட்டை மாட்டிவிட இன்னொரு ஆள் வேணும். அதெல்லாம் ஒரு மருந்தா?”

கார்பைடு கல் வைக்காமல் தன் மண்டியில் ஒரு வாழைத்தாரைக்கூடப் பழுக்க விடாதவர் பேசிய பேச்சு இது.

“அதை ரத்தத்துலயே பார்த்துடலாம் மாமா” என்றாள் யாழினி. அவளுக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். “நோய் வந்தப்ப உடம்பு வைரஸை முழுசாப் பார்த்திருக்கும். அதனால பெரும்பாலும் ரெண்டு விதமான ஆன்டிபாடி இருக்கும். கோவிஷீல்டு மட்டும் போட்டவங்களுக்கு ஒரே விதம்தான், வைரஸ் மேல இருக்கிற முள்ளுக்கு எதிரானது. மரத்துல பழுத்ததா, கல்லுல பழுத்ததான்னு தெரிஞ்சுடும். கையை நீட்டுங்க, நானே எடுக்கிறேன்.”

நீட்டவிருந்த கையை முருகானந்தம் மடிக்குள் இழுத்துக்கொண்டார். “என் உடம்புல ஊசியே பட்டதில்ல. படவும் விடமாட்டேன்!”

மண்டிக்காரர் சரக்கில் குறை சொன்னால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. அடிமாட்டு விலைக்குக் கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

“சரக்கு அடிபட்டுப் போச்சு. பிள்ளைங்க ஆசைப்பட்டுட்டாங்களேன்னு பார்க்கிறேன்” என்று ஆரம்பித்தார். “நாளைக்கு இந்தப் பொண்ணு உடம்புக்கு ஒண்ணுன்னா யார் பார்க்கிறது? இந்த வீட்டைப் பையன் பேருக்கு எழுதிருங்க. தாம்பூலம் மாத்திக்கலாம்.”

“எங்களுக்கு இருக்கிறது இது ஒண்ணுதாங்க” என்றார் பெண்ணின் அப்பா ராசப்பன். ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய அதட்டல் எல்லாம் ஆறாம் வகுப்போடு சரி.

“அப்ப வேற இடம் பாருங்க. ஊசி போட்ட பொண்ணை எவன் கட்டுறான்னு நானும் பார்க்கிறேன்.”

“அப்பா, வேணாம்ப்பா” என்றாள் யாழினி. கலங்கிய கண் சித்தார்த்தனைத் தேடியது. சித்தார்த்தன் வாயைத் திறந்தான். அவனுடைய அப்பா திரும்பிப் பார்த்ததும், அதில் ஒரு முறுக்கை வைத்து அடைத்துக்கொண்டான்.

மகள் முகத்தைப் பார்த்த ராசப்பன், “சரி... எழுதிக் குடுத்து...” என்று இழுத்தார்.

“நல்லா யோசிச்சே சொல்லுங்க. ஊசி போட்டவங்க மூச்சுக் காத்துல ரொம்ப நேரம் உட்காரக் கூடாது.” முருகானந்தம் சட்டைப் பையிலிருந்து ஒரு முகக்கவசத்தை எடுத்து மாட்டி, மூக்குக்கு மேல்வரை ஏற்றிவிட்டுக்கொண்டார். கண்ணும் நெற்றியும் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

கேசரித் தட்டோடு வந்த செல்லக்கிளி அப்படியே நின்றுவிட்டார். ஊர் ஊராகவும் மலை ஏறியும் போய்க் கொரோனா ஊசி போட்ட அந்த வருஷம் முழுக்க அவர் பார்த்ததெல்லாம், முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களைத்தான்.

“என்னம்மா அப்படிப் பார்க்கிறீங்க?” என்றார் முருகானந்தம்.

“சம்பந்தி, பச்சைமலை கேம்ப்ல ஊசி போட்டதும் மயங்கி என் மேலயே விழுந்தது நீங்கதானே!”