உள்பக்கத்து மழை

நாகலூர் மலைச் சாலையில் மழையோடு மூடுபனியும் இறங்குகிறது. உதிரிப் பாகங்களாக வாங்கி ஒன்றரை வருடம் தன் கையாலேயே பூட்டிய கூரையில்லாத காரை, தனராஜ் முதன்முதலாக மழையில் ஓட்டுகிறான். பக்கத்தில் மனைவி ரஞ்சனி, சேலத்து இன்டர்வியூவுக்கான சான்றிதழ்களைப் பாலிதீன் பையில் சுற்றி மார்போடு அணைத்தபடி நடுங்குகிறாள். வேகமாகப் போனால், காற்று மழையை முன்கண்ணாடிக்கு மேலே தூக்கித் தலைக்குப் பின்னால் கொட்டிவிடும், நனைய மாட்டார்கள். ஆனால் இந்தப் பனியில் வேகமாகப் போக வழியில்லை. மெதுவாகப் போனாலோ மழை நேரே மடியில் விழுகிறது. வைப்பர் டக்டக்கென்று ஆடியும் பாதை கலங்கியே தெரிகிறது. அதன் வேகத்தைக் கூட்டுகிறான், அப்போதும் கலங்கல்தான். ரப்பர் தேய்ந்துவிட்டதா? போன வாரம் போட்டதாயிற்றே. எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடிக்கிறது. முன்னாலா, பின்னாலா, புரியவில்லை.

"ஏனுங்க, பஸ்ஸு வருதுங்க."

"கேக்குது. எந்தப் பக்கம்னுதான் தெரியல. வைப்பரு நல்லாத்தான ஓடுது!"

"அது வெளியிலதானுங்க ஓடுது? மூடியில்லாத வண்டி செஞ்சிருக்கீங்க, உள்பக்கமும் மழதான பேயுது!"

அவள் பையை மடியில் போட்டுவிட்டு, முந்தானையால் கண்ணாடியின் உள்பக்கத்தை ஒரே இழுப்பாகத் துடைக்கிறாள். துடைத்த இடத்தில் இரண்டு மஞ்சள் விளக்குகள், நேர் எதிரே. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்துகிறான். பஸ் உரசுகிறாற்போல் இரைந்துகொண்டு கடக்கிறது.

"ஓட்டுங்க, நேரமாவுது" என்கிறாள். வைப்பர் போகிற பக்கமெல்லாம் அவள் கையும் உள்ளே கூடவே போகிறது.