கறுவலுக்குக் குளிசை

“பாஞ்சு விழுந்திடும் டொக்டர்! பின்னேரம் கீர்த்தனியைப் பொம்பிளை பாக்க வருகினம். எப்பிடியும் இதை அடக்கி வைக்கோணும்.”

தவமலர் இழுத்து வந்த கறுவல், மேசைக் காலை முகர்ந்துகொண்டு நின்றது. உவர்மலையில் மிருக வைத்தியம் பார்க்கும் இராகுலனுக்குச் சிரிப்பு வந்தது. கலியாணப் பேச்சுக்கு நாயால் வில்லங்கம் என்று இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறார்.

“சிரியாதேங்கோ டொக்டர். போன முறை வந்தவையும் இந்தச் சனியனாலதான் பாதியில எழும்பிப் போனவை. இதுவும் குழம்பினா என்ர பிள்ளை குமராவே இருந்திடுவாள்.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாவம், பெற்ற வயிறு. இராகுலன் மிருகங்களை அமைதிப்படுத்தும் குளிசையை எடுத்துக் கொடுத்தார்.

“சோத்தோட குழைச்சுக் குடுங்கோ அக்கா. கை கால் ஓய்ஞ்சு, சத்தம் போடாமல் கிடக்கும்.”

“ரெண்டு நாளாச் சோறே தொடேல்ல டொக்டர். பாலுக்குள்ள கரைச்சுப் பருக்கலாமோ?”

“ஓம், ஓம்” என்று குனிந்தவர் திடுக்கிட்டார். அவருடைய காலைச் சாப்பாட்டுப் பார்சலைக் கறுவல் பாணும் சம்பலுமாக முக்கால்வாசி முடித்திருந்தது. “அட மூதேவி!” என்று கலைத்துவிட்டார்.

பின்னேரம் நிலாவெளிப் பக்கம் ஒரு மாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மருந்து ஒத்துக்கொண்டதோ என்று பார்க்கத் தவமலர் வீட்டில் இறங்கினார்.

படலையடியில் மாப்பிள்ளை வீட்டார் வான் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்க்கு வாயெல்லாம் பல்.

“பொம்பிளைப் பிள்ளையெண்டா இப்பிடியெல்லோ இருக்கோணும் தவமலர்! கேட்டதுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினவள், நிமிந்துகூடப் பாக்கேல்ல. தை பிறக்கட்டும், நாள் வைப்பம்.”

இராகுலனுக்கு மனம் குளிர்ந்தது. ஒரு நல்ல காரியத்துக்குத் தன் கையும் உதவியிருக்கிறதே!

வான் போனதுதான் தாமதம், பின்வளவிலிருந்து குரைத்தபடி ஓடிவந்த கறுவல் அவர் மேலில் காலைப் போட்டது. ஒரு சோர்வும் இல்லை.

“கறுவல், படு!” என்றாள் தவமலர். அது அப்படியே படுத்துவிட்டது.

“என்னக்கா, இதுக்குக் குளிசை குடுக்கேல்லையோ?” கேட்டபடி இராகுலன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். வந்தவர்கள் போன பிறகும் கீர்த்தனி பட்டுச்சேலையோடு கதிரையில் சரிந்தே இருந்தாள்.

தவமலர் படலையைக் கொளுவினாள்.

“நாய்க்கு ஏன் டொக்டர்? அது சொன்ன சொல்லுக் கேக்கும்.”