வால் நீண்ட பொட்டு

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ வீட்டு வாசலில் வான்மதியை எவனோ சுட்டுக் கொன்றுவிட்டுப் போன இரண்டாம் மாதம், அவள் கணவர் குமாரசாமி கைத்துப்பாக்கி வாங்கினார். மைக்ரோவேவே ஆனாலும், வீட்டுக்குப் புதிதாக வந்ததைக் குங்குமம் வைக்காமல் தொடவிட மாட்டாள் அவள். ஒடிந்து கோணலாய்க் கூடிய மோதிர விரலால் வைப்பதால், பொட்டு இடப்பக்கம் வால் நீளும். துப்பாக்கிக்குப் பொட்டு வைக்க ஆளில்லை.

துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்தில் பத்துக் குண்டுகளையும் சுட்டு முடித்தார். கூட வந்த பக்கத்து வீட்டு ரஞ்சித் பட்டனை அழுத்தினான். மனித உருவம் அச்சிட்ட காகிதம் கம்பியில் ஊர்ந்து வந்தது.

"என்ன அங்கிள், பத்தையும் மிஸ் பண்ணிட்டீங்க! ஒரு ஓட்டைகூட இல்லியே!"

குமாரசாமி அந்த உருவத்தின் நெற்றியைப் பார்த்தார். ஈரம் காயாத குங்குமம், இடப்பக்கம் வால் நீண்டிருந்தது.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, பொட்டு கலையாமல் காகிதத்தைக் கழற்றினார்.