வைன் தெரிந்தவர்

"வைனை நீயே சொல்லு, தம்பி" என்றார் கனடாவிலிருந்து வந்திருந்த அத்தான்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த பெரிய ஹோட்டல் அது. ஆளுக்கொரு வைன் பட்டியல் தந்திருந்தார்கள். விலைகளைக் கண்ட யதுர்ஷன் பட்டியலில் கீழே கீழே இறங்கினான். கடைசி வரியில்தான் கட்டுப்படியாகிற விலை ஒன்று இருந்தது.

"கோர்கேஜ் ஒரு போத்தல்" என்றான், பழக்கப்பட்டவன்போல. மலிவானதென்று அத்தான் கண்டுபிடித்துவிடுவாரோ என்று உள்ளுக்குள் கூசியது.

அத்தான் தலையாட்டினார். "நல்ல சாமான். ரொறன்ரோவில நாங்கள் இதைத்தான் குடிக்கிறனாங்கள்."

பரிமாற வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "சேர், அது வைன் இல்லை. நீங்கள் வெளியில இருந்து கொண்டு வாற போத்தலைத் திறந்து தாறதுக்கு நாங்கள் எடுக்கிற காசு."

யதுர்ஷனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அத்தான் தன் முகத்தை ஏற்கெனவே வைன் பட்டியலுக்குப் பின்னால் வைத்திருந்தார்.