சத்தமே வராத வகுப்பு

"காலங்காத்தால கதவைச் சாத்திக்கிட்டு அப்படி என்னதான் பாடம் நடத்துறார் அந்த மனுஷன்?"

தலைமையாசிரியை இப்படிக் கேட்டதும், கணக்கு டீச்சர் நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் மேடம். முதல் பீரியட் வந்தா போதும், வரலாறு சார் ஜன்னல் திரையெல்லாம் இழுத்து விட்டுடறார். வராந்தாவுல நின்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டாலும் ஒரு சத்தம் வராது. நாற்பது பிள்ளைங்க இருக்கிற இடம் மாதிரியா இருக்கு?"

"மார்க்கைப் பாருங்களேன். அதே பத்தாம் வகுப்பு. உங்க கணக்குல முதலிடம். அவரோட வரலாறுல கடைசி இடம்."

கணக்கு டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"அவருக்கு ஷேர் மார்க்கெட் பழக்கம் உண்டுன்னு ஸ்டாஃப் ரூம்ல பேச்சு. பசங்களை எதையாவது எழுதச் சொல்லிட்டு ஃபோனைத் தட்டிக்கிட்டு இருப்பாரோ என்னவோ!"

"இருக்கும், இருக்கும். முதல் பீரியட்னாலே எல்லாரும் தெறிச்சு ஓடுவாங்க. இவர் மட்டும் வருஷா வருஷம் கேட்டு வாங்கிக்கிறார். அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். நாளைக்கு நீங்களே போய்ப் பாருங்க. தப்புன்னா அந்த வகுப்பையே அவர்கிட்டேர்ந்து எடுத்துடறேன். ரெண்டாவது பீரியட் ஏற்கெனவே உங்களோடது. முதல் பீரியடையும் சேர்த்து நீங்களே எடுத்துக்குங்க."

மறுநாள் மணி அடித்துச் சற்று நேரம் விட்டு, கணக்கு டீச்சர் பூனை மாதிரி அடியெடுத்து வைத்துப் போனார்.

திரை இழுத்து விட்டிருந்தது. உள்ளே பேச்சு மூச்சில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிடுகிற வேகத்தில் கதவைத் தள்ளினார்.

வரலாறு சார் உதட்டில் விரலை வைத்து, "உஷ்!" என்றார்.

வகுப்பு மொத்தமும் தூங்கிக்கொண்டிருந்தது. டெஸ்க் மேல் வரிசையாகத் தலைகள். கடைசி பெஞ்சில் ஒருத்தன் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான்.

"என்ன சார் அக்கிரமம் இது?" கத்த நினைத்தது கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"பாதி பீரியட்தான் டீச்சர். அப்புறம் எழுப்பிப் பாடம் நடத்துவேன்."

"பாதிப் பாடத்துல மார்க் எங்கேர்ந்து வரும்?"

"வரலையே. அதான் கடைசி இடம்."

"தெரிஞ்சேவா இப்படிப் பண்றீங்க?"

"இருட்டு விலகறதுக்குள்ள பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வருதுங்க. சீக்கிரம் படுங்கன்னா இந்த வயசுல தூக்கம் வரவா செய்யுது? பள்ளிக்கூடத்தை ஒரு மணி நேரம் தள்ளித் திறக்கலாமேன்னு மேடம்கிட்ட கேட்டேன். பஸ் நேரத்தையெல்லாம் மாத்த முடியாதுன்னுட்டாங்க."

"அதுக்காக வகுப்பைப் படுக்கையறை ஆக்கிடறதா?"

வரலாறு சார் கொஞ்சம் தயங்கினார்.

"கோவிச்சுக்காதீங்க. அடுத்த பீரியட் உங்களோடது. கண்ணு சொருகினாலே மார்க்கைக் குறைச்சிடுவீங்களாமே, பசங்க நடுங்குறாங்க. நான் குறைக்க மாட்டேன். அதான், இங்கேயே தூங்கிட்டு உங்ககிட்ட தெளிவா வரட்டும்னு..."

கணக்கு டீச்சர் தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

தலைமையாசிரியை காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, ஷேர் மார்க்கெட்தானே?"

"இல்லை மேடம்."

"பின்னே?"

"வந்து... எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு மேடம்."

"ஒழுங்கா இருந்தா மார்க் ஏன் வரலை? நீங்களும் எதையோ மறைக்கிறீங்க. அவர் எதையாவது சொல்லி உங்களை மடக்கிட்டார். எது எப்படியோ, நாளையிலேர்ந்து முதல் பீரியட் உங்களுக்குத்தான். டைம் டேபிளை மாத்திடறேன்."

கணக்கு டீச்சர் பதறிப்போய் எழுந்தே விட்டார்.

"ஐயையோ, வேண்டாம் மேடம்! அது அவர்கிட்டயே இருக்கட்டும். அதை எடுத்தீங்கன்னா, என் கணக்கு ரிசல்ட்டே படுத்துடும்!"