ஒரே கிருமி, மூன்று வயிறு

"இப்பவே ஒத்துக்கோ வில்மார். டாக்டர் வாயால கேட்டா எனக்கு இன்னும் கோவம் வரும்!"

"நடக்காததை எப்படி ஒத்துக்கறது, சுல்மா?"

டாக்டர் ஒலிவேரா ரிப்போர்ட்டைப் பிரிக்கும்வரைகூட சுல்மாவுக்குப் பொறுமை இல்லை. கணவனின் துணிகளையெல்லாம் ஒரு பெட்டியில் திணித்து, அதைக் காரிலேயே ஏற்றிக் கொண்டு வந்திருந்தாள். இன்று உண்மை தெரிந்தால் அவன் இங்கிருந்தே நேராகத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

வில்மாரின் வயிற்றுக் கிருமியைப் போன வருஷம் பதினான்கு நாள் மாத்திரையில் ஒழித்தாயிற்று. இப்போது மறுபடியும் வயிற்று வலி. மரபணுச் சோதனை செய்தால், பழைய கிருமி திரும்பவில்லையாம், இது வேறாம். அதுவும் போன தடவை கொடுத்த மருந்துக்கு மசியாத ரகமாம்.

எச்சில் வழியாகவும் பரவுகிற கிருமி அது; புதுக் கிருமி என்றால் புது எச்சில். சுல்மாவுக்கு அது போதும். எவளுடையது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. மாபெல்! தபால் ஆபீசில் கணவனுக்கு அடுத்த மேஜை. சுருட்டை முடி, கலகல சிரிப்பு, கையிடுக்கில் எப்போதும் வெந்நீர் பிளாஸ்க்.

அவர்கள் ஊரான சால்டோவில், மாத்தே என்கிற இலைத் தேநீர் குடிக்க ஒரே குடுவை, ஒரே குழல்தான். எத்தனை பேர் சேர்ந்து குடித்தாலும் அதே குழல்தான் வாய் மாறிப் போகும். துடைத்துவிட்டுக் குடிப்பவனை யாரும் மதிக்க மாட்டார்கள். மாபெலின் உதடு பட்ட குழல் கணவனின் உதட்டுக்குப் போவதை நினைத்தாலே சுல்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே நீ சத்தியம் வாங்கிட்டே" என்றான் வில்மார். "அன்னிலேர்ந்து நான் தனிக் குடுவையோட மூலையில உட்கார்ந்து குடிக்கறேன். ஆபீசே சிரிக்குது!"

"எல்லாம் நடிப்பு!"

அதனால்தான் தானும் சோதனை செய்துகொண்டு, மாபெலையும் நைசாகப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தாள் சுல்மா. முடிவை எல்லோருக்கும் சொல்லலாம் என்று மாபெல் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டாள். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு பேர் வயித்திலயும் அச்சு அசலா ஒரே கிருமி. மருந்துக்கு அசையாத அதே ரகம்."

சுல்மா துள்ளி எழுந்தாள். "கேட்டியா! அவகிட்டேர்ந்து உனக்கு, உன்கிட்டேர்ந்து எனக்கு!"

"யார்கிட்டேர்ந்து யாருக்குன்னு ரிப்போர்ட் சொல்லாதும்மா. எச்சில் வழியா பரவியிருக்கலாம், அவ்வளவுதான்."

"அது போதும் டாக்டர்!" கார் சாவியை மேஜை மேல் வீசினாள். "போய் உன் பெட்டியை எடுத்துக்கோ!"

வில்மார் பேச வாயெடுத்தான். அழுகைதான் வந்தது.

அப்போது கதவைத் திறந்து மாபெல் தலையை நீட்டினாள். கையில் ஆவி பறக்கும் குடுவை.

"என்னடி சுல்மா, இன்னும் முடியலையா? மூணு மாசமா, நான் ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழையறதுக்குள்ள வாசல்ல வந்து நிப்பே. 'என் புருஷன் ஆபீசில யாரோட குடிக்கறான்'னு கேட்டுக் கேட்டே என் குடுவையைக் காலி பண்ணுவே. இந்தா, இன்னிக்கு இங்கேயே குடி!"

குழல் சுல்மாவின் பக்கம் நீண்டது.

வில்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தான். "பெட்டியிலேர்ந்து என் துணியை எடுத்துட்டு, உன்னோடதை வைக்கட்டுமா?"