டாக்டர் பியோவின் ராசி

லிஃப்டிலிருந்து டாக்டர் பியோ காலை எடுத்து வெளியே வைத்ததும் தலையில் ஒரு பிடி உப்பு விழுந்தது.

"வந்துட்டாரு, பீடை பிடிச்சவரு! இன்னிக்கு யாரும் உட்கார முடியாது!" பீடை விலக அதை வீசியவள் தலைமை நர்ஸ் மல்சுக்.

"நான் என்ன கிம்ச்சி ஊறுகாய்க்கு ஊறவைக்கிற முட்டைக்கோஸா மேடம், வர்றப்பல்லாம் உப்புப் போடறீங்க?"

"முட்டைக்கோஸாவது உப்புப் போட்டா அடங்கும்!"

நர்ஸுகள் கொல்லென்று சிரித்தார்கள். பியோ தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு கை கழுவப் போனார்.

கொரியாவின் பூசான் நகரத்து அந்த ஐ.சி.யூ.வில் அவருக்கு அப்படியொரு பெயர். கழுத்து நரம்பு வழியாக இதயத்தின் வாசல்வரை செலுத்தும் குழாயை யார் போட்டாலும் சரி, சிக்கல் மட்டும் பியோவின் டியூட்டியில்தான் வரும். ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று. இன்னொருவருக்கு ரத்தத்தில் கிருமி. அடுத்தவருக்குக் குழாய் நுனியில் ரத்தக்கட்டி. அவர் இருக்கும் நாளில் யாரும் நூடுல்ஸ் வரவழைப்பதில்லை. சாப்பிட நேரம் கிடைப்பதற்குள் அது ஊறிக் கூழாகிவிடும்.

புள்ளியியல் படித்தவர்கள் இதைத் தற்செயல் என்பார்கள். அவர்கள் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்ததில்லை.

அன்று மதியம் ஸ்ட்ரெச்சரில் வந்தது மல்சுக்கின் அம்மா. ரத்த அழுத்தம் அதலபாதாளத்தில். மருந்து ஏற்ற உடனே கழுத்தில் குழாய் போட்டாக வேண்டும்.

ஐ.சி.யூ.வின் மூத்த டாக்டரான பேராசிரியர் நம்குங் தானே ஓடி வந்தார். அவர் டியூட்டியில் இதுவரை ஒரு சிக்கலும் வந்ததில்லை. அதை அவரே அடிக்கடி சொல்வார்.

"கவலையை விடுங்க, நானே போடறேன்."

மல்சுக் இடுப்பு வளைய வணங்கினாள். "உங்க கைக்கு இது ரொம்பச் சின்ன வேலை, பேராசிரியரே. டாக்டர் பியோ போடட்டும்."

பேராசிரியர் பெருமை பொங்கத் திரும்பிப் போனார். பியோ கையுறை மாட்டத் தொடங்கினார்.

இளம் நர்ஸ் போபே மல்சுக்கின் காதில் கிசுகிசுத்தாள். "அக்கா, உங்களுக்குப் பைத்தியமா? பெத்த தாய்க்குப் போயும் போயும் இந்த ஆளா? இவர் டியூட்டியிலதானே எல்லாச் சிக்கலும் வருது!"

"அடி மக்கு, எல்லார் டியூட்டியிலயும்தான் வருது. தேடிப் பார்க்கறவர் இவர் ஒருத்தர்தான்." மல்சுக் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஊரார் அம்மாவுக்கு வந்தப்போ நாம கண்டுக்காம விட்டோம். என் அம்மாவுக்கும் அப்படி விட முடியுமா?"